ஐந்து வருடமாக ஒரு தினசரி காலண்டர்

மளிகைக்கடையில் புது வருஷத்துக்கு இலவசமாகக் கொடுக்கும் தினசரி காலண்டரைத்தான் 2021 ஜனவரியிலிருந்து என் பழக்கங்களுக்குக் கணக்கு ஏடாக வைத்திருக்கிறேன். இப்போது தொங்குவது ஐந்தாவது. இத்தனை நாள் பழகியதில் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

இதற்கு முன் செல்போனில் ஒரு செயலி வைத்திருந்தேன். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த புதிது. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நடந்துவிட்டு வந்து தொட்டால் எண் ஒன்று கூடும். 83 வரை போனது. அப்புறம் மூன்று நாள் காய்ச்சல். எழுந்து பார்த்தால் பூஜ்யம். உடம்பு தேறிய பிறகும் செருப்பை மாட்ட மனசே வரவில்லை. ஒன்றரை மாதம் அப்படியே போனது.

காலண்டரில் செய்வது இவ்வளவுதான். காலையில் பால் பொங்குவதற்குள் நேற்றைய தாளைக் கிழிப்பேன். பின்பக்கம் பென்சிலால், நடந்திருந்தால் 'ந', வீட்டுக் கணக்கு எழுதியிருந்தால் 'க', பத்து மணிக்குள் படுத்திருந்தால் 'ப'. செய்யாததற்கு எந்தக் குறியும் கிடையாது. தாளை ரசீது குத்தும் கம்பியில் குத்திவிட்டு, இன்றைய தாளின் ஓரத்தில் எப்போது நடக்கப்போகிறேன் என்று எழுதுவேன். முதலில் '6 மணி' என்று எழுதினேன். சமையல் தள்ளிப்போகும் நாளில் ஆறு மணியும் போய்விடும், நடையும் போய்விடும். இப்போது 'வாணலி கழுவியதும்' என்று எழுதுகிறேன். வாணலியைக் கவிழ்த்து வைக்கும்போதே கால் வாசலுக்குப் போய்விடுகிறது.

முதல் இரண்டு மாதம் காலண்டர் ஹாலில், டிவி பக்கத்தில் இருந்தது. ஒருமுறை ஒன்பது நாள் தாள் கிழிக்காமலே கிடந்தது. மார்ச்சில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். ஐந்து வருடத்தில் நான் செய்த பெரிய திருத்தம் அந்த ஆணிதான். காபி போடாத நாள் கிடையாது என்பதால் தாள் கிழிக்காத நாளும் இல்லாமல் போனது.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்வதை நம்பி யாரும் மனசு விட்டுவிட வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுத்தரமாக 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டார்கள். என் தாள்களும் அதையே சொல்கின்றன. கணக்கு எழுதுவது ஒரு மாதத்தில் படிந்தது. நடை படிய ஆடி மாதம் ஆகிவிட்டது. 'ப' இன்னும் வாரத்துக்கு மூன்று நாள்தான் விழுகிறது.

மாதக் கடைசியில் கம்பியிலிருந்து உருவி எல்லாவற்றையும் படிப்பேன். 2023 மார்கழியில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பதினோரு தாள் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. பன்னிரண்டாவதில் ஒரே ஒரு 'ந'. அன்று நடந்தது வார்டுக்கும் மருந்துக்கடைக்கும் இடையில் உள்ள வராந்தாவில்தான். அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பதினோரு நாள் விட்டும் எதுவும் பூஜ்யமாகவில்லை.

குறைகளும் உண்டு. தாள் மெல்லிசு; ஜெல் பேனா மறுபக்கம் ஊறிவிடும். நவம்பர் வாக்கில் தாள்களைப் பிடித்திருக்கும் கம்பி தளர்ந்து நாலைந்து தாள் சேர்ந்தே கையோடு வரும், ஒரு கிளிப் போட்டுவிட வேண்டும். ஊருக்குப் போகும்போது அந்தந்த நாள் தாளைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொள்கிறேன், சரியாகவே நடக்கிறது.

பெரிய தொந்தரவு, சில காலண்டரில் பின்பக்கமும் கைவைத்தியக் குறிப்பு, விளம்பரம் என்று அச்சடித்திருப்பார்கள். எழுத இடமிருக்காது. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் வெளியிட்டதும் கடைக்காரர்கள் ஆர்டர் கொடுக்கத் தொடங்குவார்கள். அந்தச் சமயத்திலேயே, "அண்ணே, பின்பக்கம் வெள்ளையா இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டு வைத்துவிடுங்கள். மார்கழியில் கேட்டால் இருப்பதைத்தான் தருவார்கள்.