டவுன் ரத வீதியில் சிங்கக் காசு வாங்கப் போகிறீர்களா?

நெல்லையப்பர் கோயில் ரத வீதியில், பாத்திரக் கடைகளுக்கு நடுவே ஒடுக்கமாக இருக்கும் பழங்காசுக் கடை. ‘சிங்கம் போட்டது’ என்று கேட்டால் தனி ஆல்பமே எடுத்து வைப்பார்கள். சரக்கு பெரும்பாலும் அசல்தான், கதையில்தான் கலப்படம்.

பழைய பிரிட்டிஷ் காசான ஷில்லிங்கில் இருந்து பார்ப்போம். எலிசபெத் தலை போட்ட 1953–1966 ஷில்லிங்கில் இரண்டு வகை உண்டு. கேடயத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிங்கம் நடந்தால் இங்கிலாந்து. ஒற்றைச் சிங்கம் பின்னங்காலில் எழும்பி நின்றால் ஸ்காட்லாந்து. கடையில் இரண்டும் ஒரே கவரில் கலந்து கிடக்கின்றன, பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். இங்கிலாந்துச் சிங்கத்தின் உடல் பக்கவாட்டில் இருக்கும், முகம் மட்டும் நம்மைப் பார்க்கும். தேய்ந்த காசில் முதலில் அழிவது அந்த முகம்தான். மூன்று முகத்திலும் கண் தெரிந்தால் தாராளமாக எடுக்கலாம்.

“ஒவ்வொரு சிங்கமும் ஒரு நாடு அண்ணாச்சி” என்று கடையில் சொல்வார்கள். பிரான்ஸ் பக்கத்து நார்மண்டிக்கு இரண்டு, அக்விடைனுக்கு ஒன்று என்ற கணக்கும் ஓடும். எல்லாம் பின்னால் வந்தவர்கள் கட்டியது. இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டின் முதல் அரச முத்திரையில் (1189) எழும்பி நிற்கும் சிங்கம். 1198-இல் புழங்கிய இரண்டாம் முத்திரையில்தான் இந்த மூன்று. அவர் தாத்தா, ஆஞ்சூ பிரபு ஜெஃப்ரியின் கேடயத்திலேயே பொன் சிங்கங்கள் உண்டு, அங்கே எண்ணிக்கை மூன்றல்ல. வீரத்துக்கும் அரசுக்கும் அடையாளமாகக் குடும்பத்தில் வந்த சிங்கம் ரிச்சர்டு காலத்தில் மூன்றாக நிலைத்தது, அவ்வளவுதான்.

‘வெள்ளி ஷில்லிங்’ என்று விலை கூட்டினால் ஆண்டைப் பாருங்கள். 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி, 1947 முதல் செப்பு-நிக்கல். எடை இரண்டுக்குமே 5.65 கிராம். கடைக்காரர் தராசில் வைத்துக் காட்டுவது நல்ல பழக்கம், ஆனால் இந்த விஷயத்தில் தராசு ஒன்றும் சொல்லாது.

நம்ம ஊர் வீடுகளில் அதிகம் கிடப்பது 1835 கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணா. இருபுறமும் கொடி பிடித்த சிங்கங்கள், மேலே கிரீடம் ஏந்திய இன்னொரு சிங்கம். அது கம்பெனியின் சின்னம். அரசரின் மூன்று சிங்கம் கேடயத்து மூலையில் எறும்பளவு இருக்கும், லென்ஸ் கொண்டுபோங்கள். எடை சுமார் 6.47 கிராம். நன்கு தேய்ந்ததில் கொஞ்சம் குறையும். தேய்மானமே தெரியாமல் எடை மட்டும் குறைந்து, விளிம்பில் ஒட்டுக்கோடும் பரப்பில் பொடிக்குழியும் இருந்தால் அச்சில் வார்த்த போலி.

இந்தக் கடையின் பெரிய குறை பளபளப்பு. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். புளியின் அமிலம் பழுப்பு மேற்படலத்தைத் தின்றுவிடும். செம்பு ரோஸ் நிறத்தில் இளிக்கும், சேகரிப்பவர் யாரும் பாதி விலைகூடத் தரமாட்டார். ‘அழுக்குக் காசு இருக்கா’ என்று கேளுங்கள். உள்ளே இருந்து வரும், விலையும் மலிவு. ஆல்பத்தின் மெத்தென்ற பிவிசி தாள் செம்பில் பச்சைப் பிசின் விடும். வாங்கியதும் காகித உறைக்கு மாற்றிவிடுங்கள்.

சிங்கம் என்று சொல்லி 1947 ரூபாயைக் காட்டினால், அதில் இருப்பது புலி. காந்தத்தில் ஒட்டும். நிக்கல் என்பதால் அப்படி, போலி என்று பயந்து திருப்பித் தர வேண்டாம்.