மஞ்சக்குப்பம் மொட்டமாடில ரிப்பீட்டர் ஆன்டெனா கட்டி குடுத்த பாண்டி டீம்

கடலூர் மஞ்சக்குப்பத்துல நாலு மாடி மேல, ஹாம் (பொழுதுபோக்கு வயர்லெஸ் ரேடியோ) லைசென்ஸ் வெச்சிருக்கற நாங்க அஞ்சு பேர் சேர்ந்து ஒரு விஎச்எஃப் ரிப்பீட்டர், அதாவது சின்ன ரேடியோலேர்ந்து வர்ற பேச்ச வாங்கி தூரத்துக்கு திரும்ப அனுப்பற செட்டு, போட்டுருக்கோம். 2011 தானே புயல்ல கரண்டும் போனும் இல்லாம பட்ட பாட்டுக்கு அப்புறம் மனசுல இருந்த ஆசை அது. ஆனா 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிகிட்ட கரைய கடந்தப்போ செட்டு சத்தமே இல்லாம படுத்துருச்சு. அன்னிக்கு எனக்கு வந்த வேதனைய சொல்ல முடியாது.

அதான் முதலியார்பேட்டை பக்கம் ஆன்டெனா வேலை மட்டும் பாக்கற ஒரு சின்ன டீம கூப்ட்டோம். எட்டு மணிக்கு வரேன்னுட்டு பதினொண்ணுக்கு வந்தாங்க, அது ஒண்ணுதான் கொறை. வந்ததும் டீம்ல இருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "சார், ரிப்பீட்டருக்கு லைசென்ஸ் பேப்பர் இருக்கா?" கீழ் வீட்டுக்காரர் செல்போன் பூஸ்டரும் போட்டுத் தாங்கன்னு கேட்டதுக்கு, அத தனியாள் வெக்கறது சட்டப்படி தப்பு சார்னு பட்டுனு மறுத்துட்டாரு. அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

ரிப்பீட்டர் பெட்டிய தொடவே இல்ல, நேரா மேல ஏறி பழைய கனெக்டர அறுத்து என் கைல குடுத்தாரு. உள்ள செம்பு வலை முழுக்க பச்சையா பூத்து, விரல்ல தேச்சா பொடியா உதிருது. முன்னாடி மாட்டுனவர் வெறும் இன்சுலேஷன் டேப்ப சுத்தி மேல எம்-சீல் அப்பிட்டு போயிட்டாரு, உப்புக்காத்துல அது வெடிச்சு மழைத்தண்ணி கேபிளுக்குள்ள எறங்கி எஸ்டபிள்யூஆர் (பவர் ஆன்டெனாக்கு போகாம எவ்ளோ திரும்பி வருதுன்னு காட்டற அளவு, ஒண்ணுகிட்ட இருந்தா நல்லது) மூணுக்கு மேல போயிருக்கு. அதுவும் ஆர்ஜி-58ங்கற ஒல்லி கேபிள், 30 மீட்டர் ஓடுனா 145 மெகாஹெர்ட்ஸ்ல முக்கால்வாசி பவர் கேபிள்லயே தீந்துடும்.

இவங்க எல்எம்ஆர்-400ங்கற, பவர் கம்மியா வீணாகற தடி கேபிள் இழுத்து, 'N' டைப் கனெக்டர் போட்டாங்க. இழுத்து சுத்துனா தன்னோட தானே ஒட்டிக்கற ரப்பர் டேப்ப, ஓடு வேயற மாதிரி கீழேந்து மேல சுத்திட்டு போனாரு, அப்பதான் தண்ணி மடிப்புல நிக்காம வழிஞ்சிடுமாம். கேபிள் செவுத்துக்குள்ள நொழையற எடத்துல ஒரு தொங்கல் விட்டாங்க, சொட்டு அங்கயே கீழ விழுந்துடும். ஜிஐ பைப்புக்கு மூணு பக்கம் ஸ்டே ஒயர், எர்த் பிட் வரைக்கும் காப்பர் பட்டை, எல்லாம் அவங்க கையாலயே.

அப்புறம் டூப்ளெக்ஸர், அதாவது அனுப்பற சிக்னலையும் வாங்கற சிக்னலையும் பிரிச்சு வெக்கற ஃபில்டர். ரிப்பீட்டர் கேக்கறத அதே நேரத்துல 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி திரும்ப அனுப்புது, ஒரே ஆன்டெனாலதான் ரெண்டும் நடக்குது, ட்யூனிங் கொஞ்சம் நழுவுனாலும் தன் சத்தமே தன் காத அடைச்சிடும். ரெண்டு மணி நேரம் பொறுமையா உக்காந்து சரி பண்ணாரு, நான் குடுத்த டீ ஆறிப்போச்சு.

சாயங்காலம் நம்ம பையன் ஒருத்தன் பாண்டி காந்தி சிலைகிட்டேர்ந்து 5 வாட் கையடக்க ரேடியோல கூப்ட்டான், 20 கிலோமீட்டருக்கு மேல, பக்கத்து ரூம்லேர்ந்து பேசற மாதிரி கேட்டுது. அதுக்கப்புறம் ஒரு ஐப்பசி மழைய முழுசா பாத்துருச்சு, போன வாரம் மீட்டர் போட்டேன், எஸ்டபிள்யூஆர் அதே 1.2. கூப்டறதா இருந்தா பங்குனிலயே சொல்லி வெச்சுடுங்க, ஆடிக்காத்துல ஆன்டெனா கம்பம் ஏற மாட்டாங்க.