மிஷேல் ஷியோனின் ‘ஆடியோ-விஷன்’: நூல் மதிப்புரை

திரைப்பட ஒலி பற்றிய புத்தகம் என்றதும் மைக்கை எங்கே வைப்பது, மிக்ஸிங்கை எப்படிச் செய்வது என்ற பாடங்களை எதிர்பார்ப்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை. பிரெஞ்சுத் திரைப்பட ஆய்வாளரும் இசையமைப்பாளருமான மிஷேல் ஷியோன் 1990இல் பிரெஞ்சில் எழுதி, 1994இல் கிளாடியா கோர்ப்மனின் ஆங்கில மொழிபெயர்ப்பாகக் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட இந்நூல், ஒலியைக் கேட்கும்போது நம் கண் என்ன செய்கிறது என்பதையே ஆராய்கிறது. ஒலித்தொகுப்பாளர் வால்டர் மர்ச் முன்னுரை எழுதியிருக்கிறார்.

நூலின் மையக் கருத்து எளிமையானது: ஒலியால் படத்துக்குக் கூடும் பொருளை, அது படத்திலேயே இருந்ததாக நாம் எடுத்துக்கொள்கிறோம். 1980இல் வந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தின் தானியங்கிக் கதவுகளை ஷியோன் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார். சில இடங்களில் மூடிய கதவை ஒரு ஷாட்டிலும் திறந்த கதவை அடுத்த ஷாட்டிலும் மட்டுமே காட்டியிருக்கிறார்கள். நடுவே கதவு நகர்வதே இல்லை. ஆனால் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் சேர்த்த ‘உஷ்ஷ்’ என்ற காற்றுச் சத்தத்தால், கதவு வழுக்கித் திறந்ததைக் கண்ணால் பார்த்ததாகவே பார்வையாளர் நம்பிவிடுகிறார்.

இதைச் சோதிக்க ஷியோன் தரும் வழிதான் புத்தகத்துக்குக் கொடுக்கும் விலைக்கு ஈடானது. ஒரு காட்சியை முதலில் ஒலியோடும், பிறகு ஒலியை நிறுத்தியும், பிறகு திரையை மறைத்தும் பார்க்கச் சொல்கிறார். பிரெஞ்சு இயக்குநர் ழாக் தத்தியின் ‘மிஸ்டர் ஹுலோவின் விடுமுறை’ (1953) படத்தின் கடற்கரைக் காட்சியில் ஒலியை நிறுத்தினால், உற்சாகமே இல்லாமல் விடுமுறையைக் கழிக்கும் மனிதர்கள் தெரிகிறார்கள். திரையை மறைத்தால், குழந்தைகள் கும்மாளமிடும் ஒரு குதூகல உலகம் கேட்கிறது. இரண்டும் சேரும் இடத்தில்தான் அந்தக் காட்சியின் நகைச்சுவை பிறக்கிறது.

இசை பற்றிய பகுதியில், காட்சியின் உணர்ச்சியில் பங்கேற்காமல் தன் போக்கில் ஓடும் ஒலியைத் தனி வகையாகப் பிரித்திருப்பது மிக நுட்பமானது. ‘சைக்கோ’வில் (1960) கொலை முடிந்த பிறகும் குளியலறை ஷவர் எதுவும் நடக்காததுபோல் கொட்டிக்கொண்டே இருப்பதை அவர் இவ்வகையில் சேர்க்கிறார். திரையில் விழும் குத்து அதன் சத்தத்தால்தான் முழுமை பெறுகிறது என்ற விளக்கமும் நமக்குப் புதிதல்ல. சத்தம் இல்லாத சண்டையைத் தமிழ்ப் பார்வையாளர்கள் சண்டையாகவே ஒப்புக்கொள்வதில்லை.

குறைகளும் உண்டு. ஷியோன் பக்கத்துக்குப் பக்கம் புதுக் கலைச்சொற்களை உருவாக்குகிறார். அவற்றில் பாதி இல்லாமலேயே கருத்து விளங்கும். தொலைக்காட்சி, வீடியோ பற்றிய அத்தியாயம் காலத்தால் பழையதாகிவிட்டது. பாடலைக் கதையின் அங்கமாகவே வைத்திருக்கும் நம் சினிமாவை மனத்தில் கொண்டு படிப்பவருக்கு இந்நூல் நேரடியாகத் தருவது குறைவு. ஆங்கில நடையும் இறுக்கமானது.

திரைப்பட மாணவர்களும் குறும்படம் எடுப்பவர்களும் தயங்காமல் வாங்கலாம். பொழுதுபோக்காகப் படிக்க விரும்புபவர்கள் நூலகத்தில் எடுத்து, முதல் அத்தியாயத்தை முடித்ததும் பகுப்பாய்வு முறையை விளக்கும் பத்தாம் அத்தியாயத்துக்குத் தாவிவிடுவது நல்லது. இடையிலுள்ளவற்றைத் தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம்.