பிடிஏ சீட் என்று பணம் வாங்கினார்கள்; அந்தப் படிப்பே அங்கே இன்னும் தொடங்கவில்லை

அமெரிக்காவில் பிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டன்ட் (இயன்முறை சிகிச்சை உதவியாளர்), சுருக்கமாக பிடிஏ, படிக்க விண்ணப்பிக்கப் போகிறவர்கள் எங்கேயும் டெபாசிட் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். டெக்சாஸில் ஒரு தனியார் கல்லூரி எனக்குச் செய்ததை எழுதுகிறேன். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அவர்கள் செய்த விதம்தான் தெரிய வேண்டியது; அதை எந்த மாநிலத்திலும் யாரும் செய்யலாம்.

இங்கே பிசிக்கல் தெரபிஸ்ட் ஆக வேண்டுமானால் டிகிரிக்கு மேல் மூன்று வருடம் போல டாக்டரேட் படிக்க வேண்டும். பிடிஏவுக்கு அசோசியேட் டிகிரி போதும், இரண்டு வருடம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் என்ன படிக்கலாம் என்று தேடும் நம் பெண்கள் பலர் இதில் வந்து நிற்பது அதனால்தான். இரண்டு வருடப் பொதுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் செலவும் குறைவு. ஆனால் சீட் கிடைப்பது பெரும்பாடு. பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே பேட்ச், அதுவும் சின்ன பேட்ச். அனாட்டமி, பிசியாலஜி இரண்டு பகுதியும் லேபோடு முடித்திருக்க வேண்டும். இங்கிலீஷ், கணக்கு, சைக்காலஜி வேண்டும். சில கல்லூரிகள் டீஸ் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்கும், சில கல்லூரிகள் கிளினிக்கில் கூட இருந்து பார்த்ததற்குக் கையெழுத்துப் போட்ட தாள் கேட்கும். ஊரில் வாங்கிய டிகிரியைப் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்கி வா என்பார்கள். அனாட்டமி படித்து ஐந்து வருடம் தாண்டிவிட்டதா, மறுபடி படி என்பவர்களும் உண்டு.

இதையெல்லாம் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் அந்த விளம்பரம். "காத்திருக்க வேண்டாம், இப்போதே பிடிஏ ஆகுங்கள்." பெயரையும் போன் நம்பரையும் கொடுத்தால் அடுத்த காபி ஆறுவதற்குள் அழைப்பு வந்துவிடும்.

பேசியவர் அட்மிஷன் அட்வைசர். என் பெயரை முதல் தடவையே திருத்தமாக உச்சரித்தார். அதற்கே நான் கொஞ்சம் இளகிப்போனேன். முன்படிப்பு எதுவும் தேவையில்லை, டீஸ் தேவையில்லை, ஊர் டிகிரியை மதிப்பிட வேண்டாம், எல்லாம் இங்கேயே சேர்ந்து முடித்துக்கொள்ளலாம் என்றார். அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டேன். "நாங்கள் முழு அங்கீகாரம் பெற்ற கல்லூரி" என்றார். அது பொய்யில்லை என்பதுதான் இதில் பெரிய கில்லாடித்தனம். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தது. பிடிஏ படிப்புக்கு இல்லை.

இந்த இரண்டும் வேறு வேறு. கல்லூரியை அங்கீகரிப்பது ஓர் அமைப்பு. பிடிஏ படிப்பை அங்கீகரிப்பது வர்ஜீனியா மாநிலம் அலெக்சாண்ட்ரியாவில் இருக்கும் கேப்டி என்ற ஆணையம். கேப்டி அங்கீகாரம் உள்ள படிப்பை முடித்தால்தான் என்பிடிஇ என்ற தேசியத் தேர்வு எழுத முடியும். அதில் 600 மதிப்பெண் வாங்கினால்தான் மாநில லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாமல் பிடிஏ என்று போட்டுக்கொண்டு எந்த கிளினிக்கிலும் வேலை பார்க்க முடியாது. கல்லூரிக்கு எத்தனை அங்கீகாரம் இருந்தாலும், சுவர் முழுக்க சர்டிபிகேட் மாட்டியிருந்தாலும், கேப்டி இல்லையென்றால் அந்த டிகிரி லைசென்ஸுக்கு உதவாது.

கல்லூரியைச் சுற்றிக் காட்டினார்கள். லேபைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வரிசையாக ட்ரீட்மென்ட் டேபிள்கள், ஒவ்வொன்றின் மெத்தை மேலும் கம்பெனியில் சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் அப்படியே. மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கோனியோமீட்டர்கள் உறை பிரிக்காமல் ஒரு அட்டைப்பெட்டியில். நடைபழகும் இணைக் கம்பிகளில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. "எல்லாமே புதுசு, உங்கள் பேட்ச்தான் முதலில் தொடப்போகிறது" என்று பெருமையாகச் சொன்னார் அட்வைசர். இதற்கு முன் ஒரு பேட்ச்கூட அங்கே படித்ததில்லை என்று அதற்கு அர்த்தம்.

அன்றே 500 டாலர் சீட் டெபாசிட். இன்னும் சில இடங்கள்தான் மிச்சம், வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் அடுத்த வருடம் என்று அவசரப்படுத்தினார்கள். கையெழுத்து முழுக்க டேப்லெட்டில். பக்கத்தைத் தள்ளித் தள்ளி, மஞ்சள் கட்டம் வரும் இடத்தில் விரலை வைக்கச் சொன்னார்கள். பிரதி மின்னஞ்சலில் வரும் என்றார்கள். கேட்டுக் கேட்டுத்தான் வந்தது.

அதற்கு அடுத்து நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் கவனமாக. மத்திய அரசின் கல்விக்கடன், உதவித்தொகை இரண்டுக்குமான விண்ணப்பமான ஃபாஃப்ஸாவைத் தாங்களே நிரப்பித் தருவதாக உட்கார வைத்தார்கள். நான் ஊரில் பி.டெக். முடித்தவள். அதைச் சொன்னதும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் தட்டச்சை நிறுத்திவிட்டு, "இந்தியப் படிப்பை விட்டுவிடலாம், பள்ளிப் படிப்பு என்று மட்டும் போடுவோம், பெல் கிராண்ட் கிடைக்கும்" என்றார். பெல் கிராண்ட் திருப்பிக் கட்ட வேண்டாத பணம், வருடத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் உள்ளவர்களுக்கு அது கிடையாது. பட்டம் வெளிநாட்டில் வாங்கியதாக இருந்தாலும் கிடையாது. ஃபாஃப்ஸாவில் தெரிந்தே பொய் எழுதினால் 20,000 டாலர் வரை அபராதம், சிறை, அல்லது இரண்டும் என்று அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. கையெழுத்து நம்முடையது. நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால் தட்டச்சு செய்த பெண் அங்கே இருக்கவே மாட்டார். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் இது கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். கடனாக மட்டும் போட்டார்கள். என்னோடு சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அப்படியே பெல் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அவர் வக்கீலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எச்4 விசாவில், அதாவது எச்1பி வேலை விசாக்காரரின் துணையாக, இருப்பவர்களுக்கு ஃபாஃப்ஸா உதவியே கிடையாது. அவர்களைத் தவணைத் திட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அவர்கள் கட்டுவது சொந்தக் கைப்பணம்.

சரி, வகுப்பு ஆரம்பித்தது. முதல் டெர்மில் எல்லாமே பொதுப் பாடம். இங்கிலீஷ், கணக்கு, "கல்லூரியில் வெற்றி பெறுவது எப்படி" என்று ஒன்று. அனாட்டமி லேப் இல்லாமல், திரையில் படம் பார்த்து. ஒரு கிரெடிட்டுக்கு அவர்கள் வாங்கியது கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. பிடிஏ பாடம் எப்போது என்று கேட்டால் ஸ்பிரிங் என்றார்கள். ஸ்பிரிங் வந்ததும் சம்மர். சம்மரைப் பற்றிக் கேட்டபோது, பேராசிரியர் நியமனம், ஆவணப் பரிசீலனை என்று வழுக்கி வழுக்கிப் பேசினார்கள். அட்வைசர் இப்போது போனை எடுப்பதில்லை.

வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தாள். அவளுடைய தோழி வேறு ஊரில் பிடிஏவாக வேலை பார்க்கிறவள். ஒரு நாள் பார்க்கிங்கில் என்னை நிறுத்தி, "அக்கா, நம்ம காலேஜ் பேரு கேப்டி லிஸ்ட்லயே இல்லையாம். அவ தேடிப் பாத்துட்டா" என்றாள். காருக்குள் உட்கார்ந்து இருவருமாகத் தேடினோம். அங்கீகாரம் பெற்றவை பட்டியலில் இல்லை. அதற்கு முந்தைய படியான கேண்டிடேட் பட்டியலிலும் இல்லை.

அன்று இரவு கல்லூரியின் கேட்டலாகை, அதாவது பாடங்களும் விதிகளும் இருக்கும் கையேட்டை, வரிவரியாகப் பார்த்தேன். பின்பக்கங்களில் ஒன்றில், விடுமுறை அட்டவணைக்குக் கீழே, சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்தது. கல்லூரி கேப்டியிடம் கேண்டிடேட் தகுதிக்கு விண்ணப்பிக்கத் திட்டமிட்டிருக்கிறது. விண்ணப்பிப்பதால் அந்தத் தகுதி கிடைக்கும் என்று உறுதியில்லை. அந்தத் தகுதி கிடைக்கும்வரை தொழில்முறைப் பாடங்களில் எந்த மாணவரையும் சேர்க்கக் கூடாது. இது கேப்டி போடச் சொல்லும் வாசகம். கல்லூரி கடனே என்று போட்டிருக்கிறது. ஆக, பிடிஏ பாடத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு அனுமதியே இல்லை. அதனால்தான் பொதுப் பாடத்தில் எங்களை ஊறவைத்துக்கொண்டிருந்தார்கள். விதியை மீறவும் இல்லை, மீட்டர் ஓடுவதும் நிற்கவில்லை.

கேண்டிடேட் என்று இருந்தால் போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த நிலையில் வகுப்பு நடத்தலாம். ஆனால் முதல் பேட்ச் முடிக்கும்போது முழு அங்கீகாரம் கிடைத்தால்தான் அவர்கள் தேர்வு எழுத முடியும். நல்ல கல்லூரிகளும் புதிதாகத் தொடங்கும்போது இந்தப் படியைத் தாண்டித்தான் வருகின்றன. அவர்கள் அதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்வார்கள். எனக்கென்றால் வேறு இடம் கிடைக்கும்வரை அந்த ரிஸ்க் வேண்டாம்.

நாங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் கல்லூரி புதிதாக ஒரு ஆசை காட்டியது. "அதுவரை பிசிக்கல் தெரபி டெக்னீஷியன் சர்டிபிகேட் செய்யுங்கள், அதே வேலைதான், உடனே சம்பாதிக்கலாம்." அதே வேலை கிடையவே கிடையாது. டெக்னீஷியன், எய்டு என்றெல்லாம் சொல்லப்படுகிறவர்கள் படுக்கை விரிப்பார்கள், கருவியைத் துடைத்து வைப்பார்கள், நோயாளியை அறைக்கு அழைத்துப் போவார்கள். பள்ளிப் படிப்பு இருந்தால் போதும், கிளினிக்கே வேலையில் வைத்துக் கற்றுத்தரும். அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டிப் படிக்க ஒன்றுமே இல்லை. பிடிஏவோ, பிசிக்கல் தெரபிஸ்ட் போட்ட திட்டப்படி அவருடைய மேற்பார்வையில் சிகிச்சையே கொடுப்பவர். இரண்டு பெயரும் ஒரே மாதிரி ஒலிப்பதை வைத்து நம் கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறார்கள்.

படித்த கிரெடிட்டையாவது காப்பாற்றலாம் என்று கம்யூனிட்டி காலேஜுக்குப் போனேன். லேப் இல்லாத அனாட்டமியை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். மற்ற பாடங்களில் இங்கிலீஷ் மட்டும் தேறியது.

பணத்துக்கு அலைந்த கதை நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கல்லூரிக்குள்ளேயே எழுத்தில் குறை சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் வெளியே போனால் திருப்பி அனுப்புவார்கள். டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாடக் கட்டணத்தைக் கொடுக்கவில்லை, "பாடம் நடத்திவிட்டோமே" என்றார்கள். டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனில் புகார் கொடுத்திருக்கிறேன். இங்கே தொழிற்கல்விப் பள்ளிகள் அவர்களுடைய கட்டுப்பாட்டில் வருகின்றன. கடன் பகுதிக்கு மத்தியக் கல்வித் துறையில் பாரோவர் டிஃபென்ஸ் என்ற, கடனை ரத்து செய்யக் கேட்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அங்கீகாரத்தைப் பற்றியோ லைசென்ஸ் கிடைப்பதைப் பற்றியோ தவறாகச் சொல்லிச் சேர்த்திருந்தால் அதைக் காரணமாகக் காட்டலாம். கொரிந்தியன் காலேஜஸ் என்ற பெரிய குழுமம் 2015இல் இழுத்து மூடியது. அதில் படித்தவர்களின் கடனை ஒட்டுமொத்தமாக ரத்து செய்வதாக 2022இல்தான் அறிவித்தார்கள். அவ்வளவு வருடம் ஆகலாம் என்று தெரிந்தே போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. அரசுக் கடனுதவி வாங்கும் கல்லூரி எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று பார்த்து அட்வைசருக்குக் கமிஷன் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பிறகு என்னுடைய அட்வைசர் ஏன் அப்படி உருகி உருகிப் பேசினார் என்பதற்கு நீங்களே ஒரு விளக்கம் யோசித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் நீங்கள் செய்ய வேண்டியது கல்லூரியிடம் கேட்பது இல்லை, கேப்டி தளத்தில் நீங்களே தேடுவது. பெயரோடு எந்தக் கிளை என்பதையும் பாருங்கள். ஒரு கிளைக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. அப்புறம் அந்தப் படிப்பின் பக்கத்தில் மூன்று விகிதங்களைத் தேடுங்கள்: எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது. அங்கீகாரம் பெற்ற படிப்பு இவற்றை வெளியிட்டே ஆக வேண்டும். இரண்டு வருடச் சராசரியில் தேர்வுத் தேர்ச்சி 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது கேப்டி வைத்திருக்கும் அளவு. "எங்களுடையது புதுப் படிப்பு, அதனால் விகிதம் இல்லை" என்று பதில் வந்தால் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று தேதியோடு எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்னதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். என் அட்வைசர் அங்கீகாரம் பற்றி எழுத்தில் ஒரு வார்த்தைகூடத் தரவில்லை, எல்லாமே வாய்வார்த்தை.

ஊரில் பிபிடி (பிசியோதெரபி இளங்கலை) முடித்துவிட்டு இங்கே வந்தவர்கள் இந்தக் கல்லூரிகளின் பக்கமே போகாதீர்கள். உங்கள் பட்டத்தை மதிப்பிட எஃப்சிசிபிடி என்ற அமைப்பு இருக்கிறது. உங்கள் மாநில லைசென்ஸ் போர்டில் முதலில் விசாரியுங்கள்.

ஏற்கெனவே இப்படி எங்காவது கையெழுத்துப் போட்டுவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் தேதியைப் பாருங்கள். டெக்சாஸில் தொழிற்கல்விப் பள்ளி ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்ட 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை அந்தக் கணக்கில் சேராது. வகுப்பு தொடங்கி முதல் மூன்று வகுப்பு நாட்களுக்குள் விலகினாலும், நிர்வாகக் கட்டணமாக 100 டாலர் வரை பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். போனில் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மின்னஞ்சலில் எழுதுங்கள், அனுப்பிய நேரம் தெரிகிற மாதிரி ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வேறு மாநிலமாக இருந்தால் ஒப்பந்தத்தில் ரத்து, ரீஃபண்ட் என்று இருக்கும் பக்கத்தை இன்றைக்கே தேடி எடுங்கள்.