இராணுவ நீதிமன்றமா, மேல் நீதிமன்றமா?

இலங்கையில் படையினரின் போர்க்காலக் குற்றத்தை எங்கே விசாரிப்பது என்று கேட்டால் நான் தயங்காமல் மேல் நீதிமன்றம் என்பேன். இராணுவ நீதிமன்றம் வேகமானது, சரி; 2010 ஆகஸ்டில் முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவின் இராணுவப் பதவிநிலை பறிபோனது, அடுத்த மாதமே கொள்முதல் முறைகேட்டுக்கு 30 மாதச் சிறை. ஆனால் அங்கே தீர்ப்பளிப்பவர்களும் சீருடைக்காரர்களே.

யாழ்ப்பாணத்தின் மிருசுவிலில் 2000 டிசம்பரில் 5 வயதுப் பிள்ளை உட்பட 8 பேரை இராணுவத்தினர் கழுத்தறுத்துக் கொன்ற வழக்கு, கொழும்பு மேல் நீதிமன்றத்தில் இழுபட்டு இழுபட்டு 2015இல்தான் மரண தண்டனையில் முடிந்தது. எவ்வளவு தாமதம்! ஆனாலும் அன்று தப்பி ஓடியவர் சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார், அது பதிவானது, 2019இல் அதற்கும் மேலான உயர் நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் குற்றவாளியான இராணுவச் சிப்பாயை மன்னித்து வெளியே விட்டவர் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, நீதிபதிகள் அல்ல.