பதினேழாவது மட்டை எங்கே? பி5 ஜேஎஸ்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நிரல் எழுதிப் படம் வரையும் மென்பொருளான பி5 ஜேஎஸ் பற்றி நான் தமிழில் படித்த குறிப்புகள் பெரும்பாலும் ஒரு வட்டம், இரண்டு கோடு வரைந்து காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. சில ஆண்டுகள் அதையே வைத்துக்கொண்டு, அதுவும் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா மாதிரி சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கும் ஒரு தோட்டத்து ஊரில், இயற்கையைப் பார்த்து நிரல்வழி ஓவியம் செய்தால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அறிமுகம் சுருக்கமாக. 2001-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் தொடங்கிய புராசஸிங் என்ற ஓவிய நிரலாக்கக் கருவியின் இணைய வாரிசு இது. 2013-இல் லாரன் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கினார். இலவசம், உலாவியிலேயே ஓடும், பழைய மடிக்கணினி போதும். நாம் விதியை எழுதுகிறோம், உருவத்தைக் கணினி வரைகிறது. கோலம் போடும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. 1974-இலேயே சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதிக் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள்.

முதல் சில மாதங்கள் மயக்கம்தான். தாவர வளர்ச்சியை விளக்க உயிரியலாளர் லிண்டன்மேயர் 1968-இல் வகுத்த விதிகளைக் கொண்டு மரம் கிளைக்கும். கிரெய்க் ரெனால்ட்ஸ் 1986-இல் எழுதிய மூன்று விதிகளால் (நெருங்காதே, ஒரே திசையில் போ, கூட்டத்தை விடாதே) பறவைக் கூட்டம் பறக்கும். தற்செயல் எண்களைத் திடீரெனத் தாவாமல் மெல்ல ஏறி இறங்கத் தரும் கென் பெர்லினின் இரைச்சல் சார்பைப் போட்டால் திரை முழுக்க அலை. எல்லாம் அழகு, எல்லாம் மற்றவர்களிடமும் இருக்கிறது. அந்தக் கிளைத்த மரம் எங்கள் ஊரில் நிற்கும் மரமும் அன்று. செம்பனை கிளை விடாது.

இந்த மென்பொருளின் உண்மையான பயன் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. செம்பனையை மேலிருந்து பார்க்கும் கோணத்தில் வரைந்து மாமாவிடம் காட்டினேன். இலைப் பரிசோதனைக்கு மட்டை எடுக்கும் வேலையில் பல காலம் இருந்தவர். திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி அம்மா, இதில் பதினேழாவது மட்டை எது?"

முழுதாக விரிந்த மட்டைகளில் ஆக இளையது ஒன்றாம் மட்டை. மரத்துக்கு என்ன சத்துக் குறைகிறது என்று பார்க்கப் பதினேழாம் மட்டையின் இலைகளைத்தான் எடுப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. ஒன்றுக்குக் கீழே சற்றே சாய்ந்து ஒன்பது, அதே சாய்வில் பதினேழு, பிறகு இருபத்தைந்து. காரணம் கோணம். அடுத்தடுத்த மட்டைகளுக்கு இடையே ஏறக்குறைய 137.5 பாகை. எட்டு மட்டை தாண்டினால் 1100 பாகை. மூன்று முழுச் சுற்றுப் போக மிச்சம் 20. அந்த இருபது பாகைச் சாய்வால்தான் தண்டில் அடிமட்டைகளின் தழும்பு எட்டுப் புரிகளாக (சுழல் வரிசைகளாக) ஏறுகிறது. எதிர்த்திசையில் எண்ணினால் பதின்மூன்று புரி. சில மரம் வலம்புரி, சில மரம் இடம்புரி.

இதை எழுத நிரலில் ஒரே வரி போதும்: மட்டை எண்ணை 137.5-ஆல் பெருக்கு. வலம்புரியா இடம்புரியா என்பதற்கு ஒரு கூட்டல் கழித்தல் குறி. அந்த எண்ணை 137.3 என்று மாற்றிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான புள்ளிகள் போட்டால் சீரான பரவல் குலைந்து இடைவெளிகள் சுழலாகத் திறக்கும். மாமா இப்போது படத்தில் விரல் வைத்துப் பதினேழைக் காட்டுகிறார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் உருப்படியானது அவருடையதுதான்.

தோட்டத்தை வரைவது அதைவிட எளிது, அதனாலேயே சங்கடம். 9 மீட்டர் முக்கோணத்தில் நட்டால் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 143 மரம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் சுழல் கட்டளை இரண்டில் தோட்டம் முடிந்துவிடும். ஒரே சலிப்பு. அந்தச் சலிப்பு நிலத்திலேயே இருக்கிறது. அதை மறைக்கப் பூவும் பனிமூட்டமும் தூவ எனக்கு மனம் வரவில்லை. செம்பனைக் 'காடு' என்று எழுதுபவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

சலிப்பை உடைத்தது ஒரு வண்டு. ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து 1981-இல் மலேசியாவுக்குக் கொண்டுவந்து விட்ட மகரந்த வண்டு அது. அதற்கு முன் தோட்டங்களில் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்ப் பெண் பூங்குலைக்கு மகரந்தத் தூள் அடித்தார்கள். ஆண் பூவின் வாசனைக்கு வண்டு போகும், அங்கேயே இனம் பெருக்கும். பெண் பூவும் அதே வாசனையைக் கொஞ்சமாக விட்டு அதை ஏமாற்றி வரவழைக்கும். நான் எழுதிய விதி இவ்வளவுதான். வண்டு போன வழியை மெல்லிய கோடாக விட்டுவைத்தேன். ஆண் பூக்களுக்கு இடையே கோடுகள் கறுத்துத் திரண்டன, பெண் பூக்களுக்கு ஒன்றிரண்டு இழைகள் மட்டும் பிரிந்து போயின. கையால் வரைந்திருந்தால் இரண்டுக்கும் சமமாகப் போட்டிருப்பேன்.

கம்போங் குவாந்தான் மின்மினிகள் எங்களுக்குப் பக்கம்தான். ஆற்றோரப் பெரம்பாங் மரங்களில் கூட்டமாக ஒத்து மின்னுபவை. வேறொரு பூச்சி மின்னினால் உன் முறையைச் சற்று முன்னே தள்ளு என்ற ஒரே விதியில் எல்லாம் ஒத்துவிடும் என்று கணிதவியலாளர்கள் மிரோலோவும் ஸ்ட்ரோகட்ஸும் 1990-இல் கணிதமாக நிறுவினார்கள். திரையில் இது அருமையாக வருகிறது. கணினிதான் திணறும். ஆயிரம் பூச்சியும் ஆயிரத்தையும் பார்த்தால் திரையில் ஒரு முறை படம் வரைவதற்கே (ஒரு ஃபிரேமுக்கு) பத்து லட்சம் ஒப்பீடு. திரையைக் கட்டங்களாகப் பிரித்து, பக்கத்துக் கட்டங்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

வார்த்தை கொடுத்தால் படம் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். செம்பனை கேட்டால் தென்னை தந்தது. தென்னையைத் திருத்த எனக்கு அங்கே ஒரு வரியும் இல்லை.

அச்சடிப்பவர்களுக்கு: ஏ3 தாளுக்கு 3508-க்கு 4961 புள்ளி வேண்டும், திரையளவில் சேமித்தால் போதாது. கறுப்புப் பின்னணியில் ஒளிரும் மின்மினிப் பச்சை தாளில் மங்கிவிடும். இதைக் கடைக்காரரிடம் சண்டை போட்டுத் தீர்க்க முடியாது, மை அப்படி. தற்செயல் எண்களின் தொடக்கத்தை நிலைநிறுத்தும் ரேண்டம்சீட், நாய்ஸ்சீட் என்ற கட்டளைகள் இரண்டுக்கும் கொடுத்த எண்ணைக் கோப்புப் பெயரிலேயே எழுதிவையுங்கள், அதே படம் மறுபடி வரும். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சிதற விட வேண்டுமானால் சாதாரணமாக வெட்டாதீர்கள், கொம்பும் காலும் தனியே பறக்கும். உலாவியில் இருக்கும் செக்மென்டர் வசதியால் பிரியுங்கள்.

பி5 ஜேஎஸ்ஸின் பதிப்பு 2.0, 2025-இல் வந்தது. படங்களை முன்கூட்டி ஏற்றும் பிரீலோட் அதில் இல்லை. அதை நம்பிய பழைய நிரல்கள் அப்படியே ஓடா. நான் செம்பனை நிரலைப் பழைய 1.x பதிப்பிலேயே நிறுத்தி, எந்தப் பதிப்பு என்பதை எச்டிஎம்எல் கோப்பில் எண்ணோடு எழுதிவைத்திருக்கிறேன். வண்டு நிரல் மட்டும் புதியதில் ஓடுகிறது.