நன்னாரி சர்பத்: நடுநரம்போடு ஒரு நெடுநாள் வழக்கு

சர்பத்துக்கு நன்னாரியை வேராக வாங்கலாமா, கடையில் விற்கும் பாட்டிலே போதுமா என்று நண்பர் ஒருவர் இந்தப் பங்குனியில் கேட்டார். பல கோடைகளாக வேரை வாங்கி வீட்டிலேயே காய்ச்சி வருபவன் என்பதால் ஒரே வரியில் பதில் கிடைத்துவிடும் என்று நினைத்திருப்பார். அப்படிச் சொல்ல முடியாமல் செய்வது அந்த வேருக்குள் ஓடும் நடுநரம்பு. எனக்கு இந்தச் சர்பத்தின் மேல் உள்ள மனக்குறை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ந்த வேர் மெலிந்தது, கோணல்மாணலானது, மேலே கருமை கலந்த பழுப்புத் தோலும் அந்தத் தோலில் குறுக்குக் குறுக்காக வெடிப்புகளும் உடையது. மணம் இருப்பது அந்தத் தோலில்தான். உள்ளே வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டை, வேரின் நீளத்துக்கும் ஓடுகிறது. அதை ஒடித்து மோந்து பார்த்தால் காய்ந்த விறகுக்கு உள்ள வாசனைகூட வருவதில்லை. சித்த மருத்துவத்திலும் நன்னாரியை நடுநரம்பு நீக்கித்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். எடை போட்டு விற்கும் கடைக்காரர் மட்டும் அதை நீக்குவதில்லை என்பதால், நாம் விலை கொடுத்து வாங்குவதில் கணிசமான பங்கு குப்பைக்குப் போகிறது.

பணம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதை உரித்தெடுக்கும் பாடுதான் பொறுக்க முடியாதது. காய்ந்த வேரை அப்படியே அம்மியில் வைத்துக் குழவியால் தட்டினால் தோல் பொடியாகிச் சிதறும், கட்டையும் சிலும்பு சிலும்பாகப் பிளந்து அந்தப் பொடியோடு கலந்துவிடும். பிறகு அரிசியில் கல் பொறுக்குவதுபோல் உட்கார்ந்து பொறுக்க வேண்டியதுதான். வேரை மண் போகக் கழுவி, ஈரத்துணியில் சற்று நேரம் சுற்றிவைத்துத் தட்டினால், தோல் விரிந்து கட்டையிலிருந்து நாராகக் கழன்று வருகிறது. கழுவுகிற தண்ணீரிலேயே வேரை நெடுநேரம் ஊறப்போட்டால் இன்னும் எளிதாகக் கழலும், ஆனால் சர்பத்தில் இறங்க வேண்டிய மணம் மண்ணோடு சேர்ந்து சாக்கடைக்குப் போய்விடும். குண்டூசி பருமனுள்ள கிளைவேர்களை எந்த முறையிலும் உரிக்க இயலாது. அவற்றை இடித்து மண்பானைத் தண்ணீரில் போட்டுவிடுவதே மேல்.

நரம்பை நீக்காமல் மொத்தமாக இடித்துப் போட்டால் என்ன என்று பலரும் கேட்பார்கள். அப்படித்தான் பல வீடுகளில் செய்கிறார்கள், குடித்தவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். சுவையை மட்டும் வைத்துச் சொன்னால், முழு வேரில் காய்ச்சிய சர்பத்தில் கடைசி மடக்கில் ஒரு மரத்துவர்ப்பு நாக்கில் நிற்கிறது. தோலை மட்டும் ஊறவைத்ததில் அது இல்லை. அந்த வேறுபாட்டை ஒரு முறை உணர்ந்தவர் பிறகு அம்மியை விட்டு எழுந்திருக்க முடியாது.

காய்ச்சும் முறையிலும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நன்னாரியின் மணத்துக்குக் காரணமான சேர்மமும் வனிலாவின் மணத்துக்குக் காரணமான வனிலினும் ஒரே அணுக்களால் ஆனவை. அவ்வணுக்கள் அமைந்திருக்கும் இடம் மட்டுமே வேறு. நன்னாரியின் சேர்மம் நீராவியோடு சேர்ந்து எளிதில் வெளியேறிவிடும். திறந்த பாத்திரத்தில் வேரை அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் வீடே மணக்கும், பக்கத்து வீட்டாரும் வந்து விசாரிப்பார்கள், சர்பத்தில் மட்டும் மணம் இருக்காது. ஆகவே கொதிநீரை அடுப்பிலிருந்து இறக்கி, உரித்த தோலின் மேல் ஊற்றி, இறுக மூடி, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். நூறு கிராம் தோலுக்குக் கால் லிட்டருக்கு மேல் நூற்றைம்பது மில்லிலிட்டர் கூடுதலாக ஊற்றினால், தோல் குடித்ததுபோக மறுநாள் கால் லிட்டர் ஊறல் வடிந்து வரும். ஒரு கிலோ சர்க்கரையைக் கால் லிட்டர் நீரில் சிறிது எலுமிச்சைச் சாறு விட்டுத் தனியாகப் பாகாக்கி, வெதுவெதுப்பாக ஆறியபின் ஊறலை அதில் கலக்க வேண்டும். அமிலம் சேர்வதால் பாகு பிறகு கற்கண்டாக உறைவதில்லை.

இந்த அளவில் கலவையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். அதனால்தான் அது வெளியில் வைத்தாலும் எளிதில் கெடாது. ஒரு லிட்டர் ஊறலுக்கு ஒரு கிலோ சர்க்கரை என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் பாதிதான் சர்க்கரை. அது சில நாட்களில் நுரைத்துப் புளித்துவிடும், குளிர்சாதனப் பெட்டி கட்டாயம். உடல்நலம் கருதிக் கருப்பட்டி போடலாமே என்பவர்கள் தாராளமாகப் போடட்டும், ஆனால் கிடைப்பது கருப்பட்டிப் பானகம். நன்னாரியை அதற்குள் தேட வேண்டியிருக்கும். உடற்சூட்டைத் தணிக்கும், இரத்தத்தைச் சுத்தி செய்யும் என்று சொல்லப்படுபவற்றுக்காக நான் இதைக் குடிக்கவில்லை.

நான் குடிப்பது மணத்துக்காக. இரண்டு கரண்டிப் பாகு, அரை மூடி எலுமிச்சை, ஊறிய சப்ஜா விதை, பானைத் தண்ணீர். சித்திரை வெயிலில் பேருந்தை விட்டிறங்கி வந்தவரிடம் ஒரு குவளை நீட்டினால், அவர் குடித்து முடிக்கும்வரை பேசுவதில்லை. கேரளத்துப் பெட்டிக்கடைகளில் இதையே சோடா விட்டுக் கொடுப்பார்கள், அதுவும் அருமை. மதுரை ஜிகர்தண்டாவிலும் நன்னாரிப் பாகு உண்டு என்றாலும், சுண்டிய பாலுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் அதன் குரல் எடுபடுவதில்லை என்பது என் கருத்து.

வேர் வாங்குவோருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நறுக்கிய வேராக வாங்கினால், ஊறுகாய் போடும் மாகாளி வேரையும் நன்னாரி என்றே தந்துவிடுவார்கள்; சென்ற ஆண்டு ஒரு கடையில் எனக்கு அப்படித்தான் வந்தது, கேட்டதற்கு இரண்டும் ஒன்றுதான் என்றார் கடைக்காரர். மணத்துக்குக் காரணமான சேர்மம் இரண்டிலும் ஒன்றே என்பதால் அவர் சொன்னது முழுப் பொய்யும் அன்று. ராயலசீமையில் மாகாளியிலேயே சர்பத் காய்ச்சும் வழக்கம் உண்டு. ஆயினும் மாகாளியின் வாசனை கனத்தது, ஊறுகாயில் அதை மூட்டைப்பூச்சி நாற்றம் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நன்னாரியின் மென்மை அதில் இல்லை. விரற்கடைப் பருமனில் சதைப்பற்றாக இருந்தால் அது மாகாளி. நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மாகாளியில் தோலும் சதையும் தடிப்பாக இருப்பதால் நடுக்கட்டையை நீக்குவது மிக எளிது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு வேரையே வாங்கச் சொல்வேன் என்று நண்பர் எதிர்பார்க்கலாம். இந்த வாரம் உரித்த வேரின் சிலும்பு ஒன்று இன்னும் என் கட்டைவிரல் நகக்கண்ணில் இருக்கிறது. ஆகவே பாட்டிலையே வாங்குங்கள் என்பதே என் பதில். வாங்கும்போது கருமையான நிறத்தைக் கண்டு தரமானது என்று நினைக்க வேண்டாம். வேரின் ஊறல் வெறும் தேயிலைத் தண்ணீர் நிறத்தில்தான் இருக்கும், மிகுதிக் கருமை சேர்க்கப்பட்ட நிறமியாக இருக்கக்கூடும். உட்பொருள் பட்டியலில் நன்னாரி வேர்ச்சாறு என்று இருக்கிறதா, வெறும் எசென்ஸா என்று பாருங்கள். எசென்ஸ் என்றால் எலுமிச்சைச் சாற்றையே குடித்துவிட்டுப் போகலாம்.